சோப்பு மணத்த சுவர்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் அண்ணன் வீட்டாரும் சுகம். நீ அங்கே சுகமாக இருக்கிறாயா, அது போனில் சொல்கிற சுகமா இல்லை நிஜமான சுகமா என்பதையும் மறைக்காமல் சொல்லவும். இந்தக் காலத்தில் போய்க் கடிதமா என்று நீ சிரிப்பது இங்கேயே கேட்கிறது. என்ன செய்வது, போனில் வீட்டு விஷயத்தை நான் தொடங்கினாலே அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டு நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார், நீயும் இரண்டு பேருக்கும் பொதுவாக உம் கொட்டிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை யாரும் பாதியில் பிடுங்க முடியாது பார். அவர் இப்போது பணிமனைக்குப் போயிருக்கிறார், ஏதோ ஒரு பஸ் இவர் கை பட்டால்தான் கிளம்புவேன் என்று அடம்பிடிக்கிறதாம். அண்ணன் மீசையை எடுத்துவிட்டான், அண்ணி அதை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தாளாம், அதற்கு அவன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். மற்றபடி வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை, எல்லோர் வாயிலும் உன் வீட்டுப் பேச்சுதான்.

நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன், ஒரு தடவை உன் குரலுக்காக, இன்னொரு தடவை விஷயத்துக்காக. எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. நீ சம்பாதித்துச் சேர்த்த பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கி முதல் முதலாக ஒரு சொத்தில் போட நினைக்கிறாய். அப்பா சொல்கிறபடி ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கி விலை ஏறும்வரை காத்திருப்பது ஒரு வழி. உன் ஆபீஸ் தோழி சொல்கிறபடி அவளும் நீயும் கூட்டாக ஒரு பழைய வீட்டை வாங்கி, உடைத்து, பளபளப்பாக்கி, ஆறே மாதத்தில் லாபத்துக்கு விற்பது இன்னொன்று. அதே வீட்டை நீ மட்டும் வாங்கி, கீழ்ப் பகுதியையும் மேல் பகுதியையும் வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டிவிட்டு, இங்கே திரும்பும்போது மேலே நீ குடியேறுவது மூன்றாவது. "நீ போய் ஒரு தடவை பாத்துட்டு வாம்மா, அப்புறம் முடிவு பண்றேன்" என்றாய். போய்ப் பார்த்தேன். பார்த்ததோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

மருந்துக்கடையில் மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டுப் போனேன். தெரு நன்றாகவே இருக்கிறது, இரண்டு பக்கமும் மரம், பஸ் நிறுத்தம் நடக்கிற தூரம், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். கீழ்ப் பகுதியில் ஒரு தையல்கார அம்மா வாடகைக்கு இருக்கிறாள், முன்னறையில் இரண்டு மிஷின், உள்ளே அவள் குடித்தனம். மேல் பகுதி காலி. அதன் சாவி அவளிடம்தான் இருக்கிறது என்பதால் தரகரோடு அவளும் மேலே வந்தாள். வந்தவள் வாயைத் திறந்தாள் பார், அப்பப்பா. சுவர் ஊறுகிறது, எலித் தொல்லை தாங்கவில்லை, லாரி போனால் கட்டில் ஆடுகிறது, குழாயில் தண்ணீர் வந்தால் வந்தது வராவிட்டால் இல்லை. தரகர் முகம் சுருங்கிப்போய்விட்டது. கடைசியில் படுக்கையறைச் சுவரைக் காட்டினாள், ஆள் உயரத்துக்கு ஒரே ஈரம். நீங்க சின்னப் பொண்ணோட காசுல வாங்கறீங்க, பாத்து வாங்குங்க என்று என் மேல் அக்கறை வேறு. நானும் முதலில் நல்லவேளை வந்து பார்த்தோம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டே, எதையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டேன். சுவரில் கை வைத்தேன். கையை மூக்குக்கிட்டே கொண்டுபோனால் துணி துவைத்த தண்ணீர் வாசம். மழை ஊறிய சுவரில் எங்கேயாவது சோப்பு மணக்குமா? மேலே கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, அடுத்த அறையில் அதே சுவரின் முதுகு காய்ந்து கிடக்கிறது. தினமும் கடையில் நின்றுகொண்டு, லீவு எடுப்பதற்காக இருமிக் காட்டுகிறவர்களை நான் எத்தனை பேரைப் பார்க்கிறேன். இந்தச் சுவர் இருமியதும் அந்த மாதிரிதான் இருந்தது. தரகரை மொட்டைமாடித் தொட்டி எப்படி இருக்கிறது பாருங்கள் என்று அனுப்பிவிட்டு, மெல்லக் கேட்டேன், "நீங்கதானே ஊத்தினீங்க?" என்று. அழுவாள், இல்லை என்பாள் என்று நினைத்தால், சண்டைக்கு வந்துவிட்டாள். "ஆமா, ஊத்தினேன், இப்ப என்னங்கறீங்க? வர்றவன் எல்லாம் என் ரூமுக்குள்ள வந்து நின்னுக்கிட்டே இந்தச் செவுர இடிக்கலாம், அந்தச் செவுர இடிக்கலாம்னு பேசறான். நான் ஒருத்தி அங்கேயே நிக்கறேன், நீ எங்க போவேனு ஒருத்தன் கேக்கல" என்றாள். நீங்களாவது கேட்டிருக்கலாமே, என்னை வைத்துக்கொள்வீர்களா என்று, என்றேன். கேட்டால் அப்போதுதான் காலி செய்யச் சொல்லலாமே என்கிற நினைப்பே அவர்களுக்கு வரும், அதனால் கேட்கவே பயம் என்றாள். ஒவ்வொரு தடவை வீடு பார்க்க ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படி ஏறியிருக்கிறாள், பாவம். வந்தவர்கள் எல்லாம் பயந்து ஓட ஓட வீட்டின் விலையும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. உன் தோழி "சல்லிசா கிடைக்குது" என்று குதித்தாளே, அது இந்த வாளியின் புண்ணியம்.

இனிமேல்தான் நீ என்னைத் திட்டப் போகிறாய். அப்பா ஏற்கெனவே திட்டிவிட்டார். அந்த விலைக்கே வாயை மூடிக்கொண்டு வாங்கிவிட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. வீட்டுச் சொந்தக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், என் கடைக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க வருகிறவர்தான், அவர் முகத்தைப் பார்த்து மாத்திரையை எப்படி எடுத்துக் கொடுப்பது? தையல்கார அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: நான் போய்ச் சொல்லிக் கொடுக்க மாட்டேன், ஆனால் இப்படி ஒரு பொய்யின் மேல் என் பெண் முதல் வீட்டை வாங்க வேண்டாம், நீங்களே அவரிடம் சொன்னால் நாங்கள் வாங்குவதைப் பற்றி யோசிக்கிறோம், இல்லையென்றால் விட்டுவிடுகிறோம். அவள் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். நான் இது முடிந்த கதை என்று நினைத்து வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த மனிதர் கடைக்கு வந்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டு, அந்தச் சுவரில் ஒன்றுமே இல்லையாமே, அந்தம்மாவே வந்து சொல்லிவிட்டாள், ஆகவே விலையைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறேன், மாதக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். நல்லது செய்யப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டேன். "உன் வாய் இருக்கே, அதுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்று அப்பா குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏறிய விலையும் அந்தத் தெருவில் மற்ற வீடுகளுக்குச் சொல்கிற விலையைவிடக் குறைவுதான், அதை விசாரித்துவிட்டேன். அண்ணனுக்குத் தெரிந்த கொத்தனார் வந்து சுவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். வீடு திடமாக இருக்கிறது என்கிறார். ஆனால் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் துருப்பிடித்துப் போயிருக்கிறது, மின்சார வயர் அரதப் பழசு, குளியலறைக் கதவின் அடிப்பாகம் உளுத்துவிட்டது. இதெல்லாம் அந்தம்மா சொல்லாத குறைகள், நிஜமான குறைகள். ஆகவே இருக்கிற பணத்தை எல்லாம் வழித்து முன்பணமாகக் கொடுத்துவிடாதே, ரிப்பேருக்கென்று ஒரு தொகை, வீடு காலியாகக் கிடந்தால் சில மாதம் தவணை கட்ட ஒரு தொகை, இரண்டையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பேசு. பத்திரத்தை வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கொடுக்காதே, தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.

தோழி சொல்கிற வழியை நான் குறை சொல்லவில்லை, அவள் கெட்டிக்காரி. ஆனால் வாங்கி விற்கிற வேலைக்குப் பக்கத்தில் இருந்து ஆட்களை மேய்க்க வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் இருப்பதோ கண்காணாத தூரத்தில். ஆறு மாதத்தில் விற்காவிட்டால் வாடகையும் இல்லாமல் தவணையும் போய்க்கொண்டிருக்கும், அப்போது தோழமை தாங்குமா என்று யோசி. தவிர, அந்த வழிக்கு வீடு முதலில் காலியாக வேண்டும். அப்பாவின் நிலம் தப்பில்லை, "மண்ணு சும்மா கெடந்தாலும் வளரும்" என்று அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் அது வளருகிறவரை மாதாமாதம் உன் சம்பளத்திலிருந்துதான் அதற்குத் தீனி போட வேண்டும். எனக்கு மூன்றாவது வழிதான் பிடித்திருக்கிறது. நேற்று தையல்கார அம்மா கடைக்கே வந்தாள். ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தால் வாடகையைத் தானே ஏற்றித் தருகிறேன் என்கிறாள், நாளைக்குக் காலி பண்ணு என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று தெரிந்தால் மூன்றாவது மிஷினும் போடுவாளாம். மேல் பகுதியும் வாடகைக்குப் போனால் தவணை கட்டி, கையிலும் கொஞ்சம் நிற்கும். அண்ணன் கணக்குப் போட்டு உனக்கு அனுப்புகிறான், அவன் கணக்கை நீ ஒரு தடவை சரி பார், அவன் மீசைக் கவலையில் இருக்கிறான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மேல் பகுதியில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது, அங்கே நின்றபோது உன் மேஜையை எங்கே போடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்ளும் ஆசை எனக்கு இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆகவே மூன்றாவது வழியைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொள். என்னைத் திருப்திப்படுத்த வீடு வாங்காதே. நிலம் வாங்கினாலும் சரி, எதுவுமே வாங்காமல் இன்னும் ஒரு வருஷம் பொறுத்தாலும் சரி, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். உன் வயதில் எனக்கு ஒரு பீரோ வாங்கவே நாலு பேரைக் கேட்க வேண்டியிருந்தது. நீ உன் கைக்காசில் ஒரு வீட்டை வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாய், எனக்கு அதுவே நெஞ்சு நிறைந்துவிட்டது.

நேற்று கடையிலிருந்து கிளம்பும்போது அந்தம்மா ஒன்று கேட்டாள். "உங்க பொண்ணு எப்படிப்பட்டவங்க?" நான் உன் படிப்பு, உன் வேலை என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்கவில்லை என்று புரிந்ததும் நிறுத்திவிட்டு, "அவ ஒண்ணு சொன்னா சொன்னதுதான், யாரையும் நடுத்தெருவுல நிறுத்தமாட்டா" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குத்தான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. நான் சொன்னது என் மடியில் வளர்ந்த பெண்ணைப் பற்றி. தனியாக ஒரு ஊரில் இருந்து, சம்பாதித்து, லாப நஷ்டம் பார்த்து, நாலு வருஷமாக எனக்குக் குரலாக மட்டும் வந்துகொண்டிருக்கிற பெண்ணை எனக்கு எவ்வளவு தெரியும்? உனக்காக நான் வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் வேறு என்ன சொல்லியிருந்தாலும் அது பொய்யாகத்தான் பட்டிருக்கும், எனக்கு.

நீ எடுக்கிற முடிவு உனக்கு நல்லதாக அமையட்டும், உன் கை பட்டது எல்லாம் துலங்கட்டும், உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி கண் விழித்து வீட்டு விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்காதே. ஒரே ஒரு காரியம் மட்டும் மறக்காமல் செய். எந்த வழியில் போனாலும், சொந்தக்காரருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் தையல்கார அம்மாவிடம் நீயே ஒரு தடவை பேசு, அவளுக்கு வேண்டியது என் வார்த்தை இல்லை, உன்னுடையது. நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மிஷினை நிறுத்தி, கையிலிருக்கிற துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவாள், அதுவரை போன் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருக்கும். வைத்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா