சளி மறைத்த குறை

மாசி 14, வியாழன்

கைக்குழந்தைகளின் இரும்புச் சத்தைப் பார்க்கும் முகாமில் இரத்தம் எடுத்ததும் பட்டியல் எழுதியதும் நான்தான். குறை உள்ள பிள்ளைகள் கொஞ்சம்தான் என்று பெருமையாக எழுதியிருந்தேன். டாக்டரம்மா இன்று அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல எத்தனை பிள்ளைக்கு அன்னைக்குச் சளி இருந்துச்சு?"

முக்கால்வாசிக்கு. எங்கள் ஊரில் சளி பிடிக்காத பிள்ளையை நர்ஸிடம் யார் தூக்கி வருகிறார்கள்? சளி, காய்ச்சல் இருந்தால் அந்தச் சோதனையில் இரும்பு கூடுதலாகக் காட்டும். அவர்களுக்கு அளவுகோல் வேறு. நான் எல்லோருக்கும் ஒன்றையே வைத்துவிட்டேன். பிரித்து எழுதியதும் குறை உள்ளவர்கள் பட்டியல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

சாயங்காலம் முதலில் செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் மகனுக்கு எட்டு மாதம்.

"நல்லாருக்கான்னு நீங்கதானக்கா சொன்னீய?"

"தப்பாச் சொல்லிட்டேன் தாயி."

வைவாள் என்று நினைத்தேன். அவளோ பிள்ளையை மடியில் போட்டாள்.

"அதான் பய எந்நேரமும் சோந்து கெடக்கானா. பருத்திக் காட்டு வெயிலுன்னுல்லா நெனச்சேன்."

இரும்புச் சத்து மருந்தில் முதல் சொட்டை விழுங்கினான். அடுத்ததை என் சேலையில் துப்பிவிட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு முறை சோப்பு போட்டும் கறை போகவில்லை. நாளைக்கும் இதையே கட்டிக்கொண்டு போகலாம். துப்புவதற்குப் பட்டியலில் இன்னும் ஒரு பக்கம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.