நூற்றுக்கு ஒன்று ரிஜெக்ட்

கொரட்டூர்
4-4-1971

அன்பும் அதட்டலும் நிறைந்த லோகநாயகி அக்காவுக்கு,

பேபி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், எருமை எல்லோரும் நலம். வரிசை வயதுப்படி இல்லை, கோபத்தின்படி. எருமைக்குக் கோபமே வராது.

நீ வாயும் வயிறுமாக இருக்கும் செய்தியை அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே அப்பாவிடம் போய், "தலைப்பிரசவத்துக்குப் பொண்ணைப் போய் அழைச்சிக்கினு வரணும்ய்யா" என்றாள். "எனக்கு ஒரே பொண்ணு. அது இங்கயே ஒக்காந்து வாயாடிக்கினு கீது" என்று என்னைக் காட்டிவிட்டார். நீ ஞானசிகாமணி மாமாவை சர்ச்சில் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. ரேஷன் கடையில்கூட, கார்டில் உன் பெயர் மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டுதான் நிற்கிறார். சர்க்கரை மட்டும் உன் பங்கையும் சேர்த்து வாங்கி வருகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாமா குமாஸ்தாவாக இருக்கும் தபாலில் பைபிள் பாடம் நடத்தும் வேதபாடப் பள்ளியில் நீயும் விடைத்தாள் திருத்துகிறேன் என்று எழுதி, சேரும் கூப்பன் ஒன்றையும் உள்ளே வைத்திருந்தாய் அல்லவா? அதை நிரப்பிப் போட்டுவிட்டேன். பெயர்: வேம்புலி. தொழில்: அம்பத்தூர் தொழிற்சாலையில் சாமான்களை அளந்து பார்க்கும் செக்கர். சேரும் காரணம்: வாழ்க்கையின் பொருளைத் தேடி. அப்பா இதுவரை தேடிய ஒரே பொருள் வெற்றிலைப் பெட்டி என்பது எனக்கும் தெரியும்.

முதல் பாடம் நேற்று வந்தது. "யாருடி இது வேலை? அம்மன் கோயில் கூழுக்கு முன்னால நிக்கிற ஆளுக்கு பைபிள் அனுப்பிக்கிறானுங்க" என்று கத்தினார். கிழிக்கப் போனவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டார். கேள்வித்தாள். மொத்தம் நூறு மார்க். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர் என்றாலும் பரீட்சை என்றால் விடமாட்டார் என்பது உனக்குத் தெரியும். தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நீ இங்கே இருந்தபோது வாங்கிய அந்தக் கண்ணாடி இன்னும் டிரங்குப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. செக்கர் கண்ணாடி போட்டால் கண் போய்விட்டது என்று கம்பெனியில் சொல்வார்களாம். வாங்கியதே வெளியே யாருக்கும் தெரியாது.

நோவா கப்பல் கட்டியது பற்றிய கேள்விக்கு அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "நீளம், அகலம், உயரம் கொடுக்கப்பட்டுள்ளன. கூடக்குறைய எவ்வளவு போகலாம் என்ற டாலரன்ஸ் கொடுக்கப்படவில்லை. செக் செய்தது யார் என்றும் தகவல் இல்லை. ஆயினும் மிதந்தபடியால் வேலை திருப்தி."

தாள் உன் கைக்கு வரும். மிதக்க விடுவதும் மூழ்கடிப்பதும் உன் பாடு.

உன் வால்,
பேபி


அரக்கோணம்
13-4-1971

அடி போக்கிரிப் பேபிக்கு,

உன்னை நேரில் பார்த்தால் முதலில் காதைத் திருகுவேன், பிறகுதான் முத்தம்.

விடைத்தாள் கட்டுக்கு நடுவில் அப்பாவின் எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. வரிகள் எல்லாம் ஏரிக்கரை போலச் சரிந்து சரிந்து இறங்குகின்றன. "மிதந்தபடியால் வேலை திருப்தி" என்பதை உன் மாமா ஆபீஸ் முழுக்க வாசித்துக் காட்டினார். எழுபத்தெட்டு போட்டேன். அச்சு எழுத்து மாதிரிக் குண்டு குண்டாகக் குறிப்பு எழுதி, பெயர் போடாமல் "திருத்துபவர்" என்று மட்டும் போட்டிருக்கிறேன். நான் என்று தெரிந்தால் தாளோடு சேர்த்து என்னையும் இரண்டாவது தடவை கிழித்துப் போட்டுவிடுவார். பயமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு சுசீலா அக்கா, "உங்க அம்மா ஊட்லருந்து எப்ப வர்றாங்க?" என்று தினமும் கேட்கிறாள். ஏழாம் மாதம் வந்தால் ஊரே கேட்கும். நீயாகவே வந்துவிடேன் என்று எழுதாதே. அழைக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால், பிரசவத்துக்கு வந்தவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வாழாமல் வந்தவள் என்பார்கள். உன் மாமாவுக்கு அந்தப் பேர் வேண்டாம்.

இது வெறும் விளையாட்டு என்றால் இதோடு நிறுத்து. இல்லையென்றால், அடுத்த பாடம் தபாலில் வருகிறது.

காதைத் தயாராக வைத்திரு.
அக்கா


கொரட்டூர்
2-5-1971

திருத்துபவர் அவர்களின் திருச்சமூகத்துக்கு,

திருந்தாத பேபி எழுதுவது.

எழுபத்தெட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. "மீதி இருபத்திரெண்டு எங்க போச்சு?" என்று அம்மாவைக் கேட்டார். "நான் எடுக்கல சாமி" என்றாள் அம்மா. ஆனால் அடுத்த நாள் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாராம். லேத் மிஷின் துலுக்கானம் மாமா வந்து சொன்னார்.

திராட்சைத் தோட்டப் பாடம் வந்தபோதுதான் ரகளை. காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் ஒரே கூலியாமே. "இன்னா மொதலாளி இவன்? எங்க யூனியன்ல இதைச் சொன்னா கேட்டை இழுத்து மூடிடுவான்" என்று பாயில் உருண்டார். பதிலிலும் அதையே எழுதினார். நீயும் எண்பது போட்டாய், நியாயம்தான்.

ஆனால் போன வாரம் தெருக் குழாயில் ஒரு கூத்து. முனியம்மா அத்தை எல்லோருக்கும் கடைசியில் குடத்தோடு ஓடிவந்தாள், தண்ணீர் நிற்கிற நேரம். அவளுக்கும் அப்பாவுக்கும் ஆறு மாதமாகப் பேச்சு கிடையாது. அப்பா தன் குடத்தை நகர்த்திவிட்டு, "புடிச்சிக்கோ. கடைசியா வந்தாலும் ஊட்ல ஒல வைக்கணும்ல" என்றார். முனியம்மா அத்தை அப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று அம்மாவிடம் வந்து விசாரித்துவிட்டுப் போனாள்.

ஐந்தாம் பாடத்தை இன்று தபாலில் போட்டுவிட்டார். காணாமல் போன ஆடும், வீட்டை விட்டுப் போன மகனும் வருகிற பாடம். பதிலை எனக்குக் காட்டவில்லை. கையால் மறைத்துக்கொண்டே எழுதினார், ரேஷன் கார்டில் மறைக்கிற மாதிரி.

மனசைத் திடப்படுத்திக்கொண்டு உறையைப் பிரி.

பேபி


அரக்கோணம்
17-5-1971

பேபிக்கு,

பிரித்தேன்.

நூறு ஆட்டில் ஒன்று தொலைந்ததும் மேய்ப்பன் அதைத் தேடிப் போனானே, அதைப் பற்றி அப்பா எழுதியது: "ஒரு கூடைச் சாமானில் நூற்றுக்கு ஒன்று ரிஜெக்ட் என்றால், எங்கள் முறைப்படி முழுக் கூடையும் பாஸ். ஒன்றுக்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுப் போனது தவறான வேலைமுறை."

அந்த ஒன்று யார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, திரும்பி வரும் மகனைத் தூரத்தில் கண்டதும் தகப்பன் ஏன் ஓடினான் என்ற கேள்வி. "ஓடியது மரியாதை இல்லை. வாசலில் நின்றிருக்கலாம். வயதான காலத்தில் வேட்டி தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?" என்று எழுதியிருக்கிறார். இதற்குச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. கதவைச் சாத்தியவர் வாசலில் எப்படி நிற்பார், சொல்.

நாற்பது போட்டேன். "கருத்துக்கு மார்க்கு கொறைக்கக் கூடாதும்மா" என்று உன் மாமா எவ்வளவோ சொன்னார், கேட்கவில்லை. வரிகள் வேறு ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. கோபத்தில், "இனிமேலாவது கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதவும்" என்று கீழே எழுதி அனுப்பிவிட்டேன்.

போதும் பேபி. அடுத்த பாடம் அனுப்பப் போவதில்லை. பிரசவத்தை இங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் மாமா சொல்கிறார். அம்மாவிடம் மெதுவாகச் சொல்.

அக்கா


கொரட்டூர்
1-6-1971

அக்கா,

மரியாதை எல்லாம் பிறகு. உனக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா, அல்லது அதையும் வயிற்றுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாயா? அப்பா கண்ணாடி வாங்கியது ஊரில் ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. அரக்கோணத்தில் இருக்கும் திருத்துபவருக்கு எப்படித் தெரியும்?

தாள் வந்த அன்று நான் எருமைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா நாற்பதைப் பார்த்தார், கத்தவில்லை. கீழே இருந்த வரியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, அம்மா பார்க்க, நான் பார்க்க, எருமை பார்க்க மாட்டிக்கொண்டார். பழைய தாள்களையும் கொண்டுவந்து பரப்பி, சிவப்பு மையை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இன்னாய்யா, பெயிலா?" என்றாள் அம்மா.

"திருத்துற ஆளுக்குக் கொழுப்பு ஜாஸ்தி. நேர்ல போய் மறுகூட்டல் கேக்கணும்."

"லெட்டர் போட்டுக் கேளேன் நைனா" என்று எட்டிப் பார்த்தேன்.

"லெட்டர் போட்டா லெட்டர்தான் வரும்" என்றார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் தினமும் அந்தச் சிவப்பு மையையே எடுத்துப் படித்தார். நேற்று பூந்தமல்லிக் கடைத்தெருவுக்குப் போய் வந்தார். அம்மா யாரும் சொல்லாமலே அதிரசத்துக்கு மாவு பிசைந்தாள். இன்று காலை லீவு போட்டுவிட்டு, பெரிய பையோடு கிளம்பினார். "செவ்வாக்கெழமையா போற?" என்றாள் அம்மா. "மறுகூட்டலுக்கு நல்ல நாள் இன்னாத்துக்கு?" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் ஸ்டேஷன் வரை போனேன். வழியில் உள்ளே பார்த்தேன். அதிரசம், மல்லிகைப் பூ, பேப்பரில் சுற்றிய கண்ணாடி வளையல். மறுகூட்டலுக்கு வளையல் எதற்கு என்ற கேள்வி வாய் வரை வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக என் வாயை நானே மூடிக்கொண்டேன்.

டிக்கெட் வாங்குவதற்குள் ரயில் வந்துவிட்டது. வாங்கித் திரும்பினால் நகர ஆரம்பித்துவிட்டது. அக்கா, அப்பா ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கில் கண்ணாடியோடு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். துலுக்கானம் மாமா உட்பட வேலைக்குப் போகும் பாதி அம்பத்தூரே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு செருப்பு கழன்று விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டியில் யாரோ கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். அந்தக் கதையில் வரும் தகப்பனும் இப்படித்தான் ஓடியிருப்பார். ஆனால் அவருக்குப் பின்னால் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு பேபி ஓடியிருக்க மாட்டாள்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் அப்பா வந்துவிடுவார். என்னைக் காட்டிக் கொடுக்காதே.

மூச்சு வாங்கும்,
பேபி


அரக்கோணம்
2-6-1971

என் கண்ணு பேபிக்கு,

ஒற்றைச் செருப்போடு வந்தார். பள்ளி ஆபீசுக்குள் நேராக நுழைந்து, ஐந்தாம் பாடத்தை மேஜையில் வைத்து, "திருத்துற ஆள் யாரு?" என்றார்.

உன் மாமா எழுந்து நின்று, "இவங்கதான்" என்று என்னைக் காட்டினார்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். "கூட்டிப் பாரு" என்றார். கூட்டினேன். நாற்பதுதான். "கூட்டல் சரிதான். பேனா குடு, பதிலை மாத்தணும்" என்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஓடிய தகப்பனைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் நேர்க்கோடாக எழுதினார்: "ஓடியது சரி. நின்றிருந்தால் ரயில் போயிருக்கும்."

"மொதல் கேள்விக்கு, அந்த ஆட்டைப் பத்தி எழுதின பதில், மாமா?" என்று உன் மாமா பயந்துகொண்டே கேட்டார்.

"ரிஜெக்ட்னு தள்ளினதை மறுபடி எடுத்து அளந்து பாக்க செக்கருக்கு உரிமை உண்டு மாப்ளே" என்றார். மாப்ளே என்றார் பேபி. உன் மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சுசீலா அக்காதான் எனக்கு வளையல் அடுக்கினாள். வெள்ளிக்கிழமை நல்ல நாளாம், அதுவரை அப்பா இங்கேதான். உன் மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வந்திருக்கும் விடைத்தாளை எல்லாம் செக் பண்ணுகிறார். எல்லோருக்கும் மார்க் குறைகிறது.

கூப்பனில் 'வாழ்க்கையின் பொருளைத் தேடி' என்று எழுதியது யாருடைய கை என்று நேற்றே கேட்டுவிட்டார். கூப்பன் ஆபீஸ் ஃபைலில்தான் இருக்கிறது. நான் காட்டிக் கொடுக்கவில்லை, உன் கையெழுத்து காட்டிக் கொடுத்தது. காதைக் கழுவி வைத்திரு, திருகுவதற்கு இப்போது இரண்டு பேர்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா. என் பங்குச் சர்க்கரையில் அம்மாவைப் பாயசம் வைக்கச் சொல்.

லோகநாயகி