குரலுக்கு ஒரு நகல்

மார்ச் 4

கம்ப்யூட்டர் திறப்பதற்குள் டீ ஆறிவிட்டது. உள்ளே ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்கிறது.

பதினெட்டாம் தேதி அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். அதற்குள் கொடுத்த வாக்கியங்களையெல்லாம் பேசிப் பதிந்து அனுப்பினால், பிறகு நான் டைப் செய்வதை என் குரலிலேயே பேச ஒரு மென்பொருள் தயாராகும் என்றார் பேச்சுப் பயிற்சி டாக்டர். பாதிக்கு மேல் முடித்துவிட்டேன். டிரைவிங் ஸ்கூலில் பிரேக், பிரேக் என்று கத்தியே தேய்ந்த தொண்டை. மிச்சம் இருப்பது இந்த மைக்குக்கு.

மனைவி இந்த அறைப் பக்கமே வருவதில்லை. கேட்டால் அடுப்பில் வேலை என்கிறாள்.

மார்ச் 6

பதிவு பாதியில் நின்றது. டிஸ்க்கில் இடமில்லையாம். மகள் பார்த்துவிட்டு, இடம் மட்டுமல்ல, டிஸ்க்கே சாகக் கிடக்கிறது என்றாள். முதலில் எல்லாவற்றையும் வெளியே வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுக்க வேண்டும், பிறகு இதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க் மாட்ட வேண்டும். "அதுவரைக்கும் எதையும் தொடாதீங்கப்பா."

மார்ச் 7

தொடவில்லை.

மார்ச் 8

காப்பி எடுத்தோம். கல்யாணப் போட்டோக்கள் வெளி டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்தன, மகளின் பள்ளி வீடியோக்களும் சேர்ந்தன. திரையில் ஓடிய பச்சைக் கோடு என் பதிவுகளுக்கு வந்ததும் நின்றது. டக், டக். திரும்பத் திரும்ப முயன்றும் கடைசியாகப் பேசிய சில வாக்கியங்கள் வரவேயில்லை.

ஏன் அது மட்டும்? பழைய கரண்ட் பில்லெல்லாம் பத்திரமா வந்திருக்கு. என் குரல்தான் பாரமாப் போச்சா இதுக்கு?

மற்றதெல்லாம் முழுசாக வந்துவிட்டது என்று மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் காதில் ஏறவில்லை. தொண்டை நாளுக்கு நாள் அடைக்கிறது. திரும்பப் பேச வருமா?

மார்ச் 9

பெட்டியைத் திறந்தோம். உள்ளே மெத்தை தைக்கலாம், அவ்வளவு தூசி. பழைய டிஸ்க்கை நானே கழற்றினேன். புதியது சீட்டுக்கட்டைவிட மெல்லியது, கையில் கனமே இல்லை. மாட்டிவிட்டுப் போட்டால், டிஸ்க்கே இல்லை என்றது திரை. மறுபடி பெட்டியைத் திறந்தோம். ஒயர் சரியாக உட்காரவில்லை, வேறொன்றுமில்லை.

விண்டோஸைப் புதிதாக ஏற்றி, காப்பி எடுத்ததையெல்லாம் மகள் திரும்பப் போட்டாள். இப்போது பொத்தானை அழுத்திக் கையை எடுப்பதற்குள் திறந்துவிடுகிறது. சத்தமே இல்லை. இரண்டு மூன்று தடவை சும்மாவே அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மகள் முறைத்தாள்.

மார்ச் 11

விட்டுப்போன வாக்கியங்களைப் பேச உட்கார்ந்தேன். மூன்றாவதிலேயே குரல் உடைந்தது. அணைத்துவிடலாம் என்று எழுந்தபோது மனைவி வெந்நீரோடு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க படிச்சா நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. நான் படிக்கிறேன், என்னைப் பாத்துச் சொல்லுங்க."

சொன்னேன். வந்தது. மெதுவாக, ஆனால் வந்தது.

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். வெந்நீரை என் பக்கம் நகர்த்தினாள்.

"வந்தா இதெல்லாம் நிஜமாயிடும்னு இருந்துச்சு."

மார்ச் 15

முடிந்தது. அனுப்பியாயிற்று. ஒரு காப்பி எஸ்எஸ்டியில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று மகளின் லேப்டாப்பில்.

மார்ச் 17

நாளைக் காலை. சாப்பிடும்போது மூன்று பேரும் ஒன்றுமில்லாததையெல்லாம் பேசினோம். யாருக்கும் எழுந்து போக மனசில்லை.

ஜூன் 2

வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். இப்போதைக்கு வகுப்பறையில் சாலை விதிகள் மட்டும். நான் டைப் செய்ய, ஸ்பீக்கர் பேசுகிறது. சளி பிடித்த மாதிரி இருந்தாலும் என் குரல்தான்.

சாயங்காலம் வீட்டில் சண்டை. மனைவிக்குப் பீரோவைச் சன்னல் பக்கம் நகர்த்த வேண்டுமாம். கூடாது என்று காரணத்தோடு டைப் செய்ய ஆரம்பித்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ம், முடிங்க. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் பேசறேன்" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டவளில்லை.

அவசரப்படாமல் டைப் செய்தேன்.