வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவளுக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நீ நலம் என்று உன் கடிதமே நாலு பக்கத்துக்குச் சொல்லிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு தண்ணீர் குடிக்கிறாய் என்பதை அவ்வளவு விவரமாக எழுதியிருக்க வேண்டாம். எனக்கு இன்னும் அரை லிட்டர்தான். படித்ததும் வயிறு எரிந்தது.

டயாலிசிஸ் அறையில் உன் நாற்காலிக்கு ஒரு வாத்தியார் வந்திருக்கிறார். மிஷின் ஓடும் நாலு மணி நேரமும் குறட்டை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உனக்குச் சிறுநீரகம் கிடைத்த அன்று காலை டிரைவிங் ஸ்கூல் காரில் ஒரு அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, எனக்குத்தான் முதலில் போன் வந்தது. சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். நான் ஆறு வருடமாகப் பட்டியலில் இருப்பவள். பதிந்து பதினாலே மாதமான உன்னை, எனக்குப் பொருந்தாவிட்டால் இருக்கட்டும் என்று மாற்று ஆளாகத்தான் கூப்பிட்டார்கள்.

பொருத்தச் சோதனையில் என் ரத்தம் அதை எதிர்த்தது. இது நாலாவது முறை. உன் ரத்தம் வாயே திறக்கவில்லை. நீ இரண்டு தரம் இருமினாய். காய்ச்சல் இருந்தால் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள், அது காய்ச்சலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். காய்ச்சல் இல்லை என்று நர்ஸ் சொன்னதும் பற்றிக்கொண்டு வந்தது. உன் கையைப் பிடித்து வாழ்த்தினேனே, அது வெறும் வாய் வார்த்தை.

எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று டாக்டரைக் கேட்டேன். மூன்று பிரசவம், நடுவில் ஏற்றிய ரத்தம், இவற்றால் அடுத்தவர் உடம்பை எதிர்க்க என் ரத்தம் பழகிவிட்டதாம். நூறு பேரில் ஐந்து பேருடையது பொருந்தினால் அதிகமாம். கூட வந்த என் மூத்த மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்று கேட்டாள்: "எங்களப் பெத்ததாலதான் உனக்குக் கிடைக்கலையாம்மா?"

இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு நொடி தயங்கிவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து என் தட்டைக் கழுவுகிறாள், மாத்திரையை எடுத்து வைக்கிறாள், என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. பதினாறு வயதுதான் ஆகிறது.

என்னைக் கூட்டிப்போகப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் பிள்ளையில்லாத நீ பார்த்த பார்வை எனக்குத் தெரியும். ஒருநாள் வாய்விட்டே சொன்னாய்: "உங்களப் பாத்தா பொறாமையா இருக்குக்கா." எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. நீ பொறாமைப்பட்டதை என் மூத்தவளுக்கு எழுது. நான் கேட்டு எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. நான் சொன்னால் சமாதானப்படுத்துகிறேன் என்று நினைப்பாள். நீ பொறாமைப்பட்டவள், நீ சொன்னால் நம்புவாள்.

மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும். இதை முழு மனதோடு சொல்ல எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் நீ நன்றாக இருந்துகொண்டிரு.

இப்படிக்கு,
இன்னும் வரிசையில் நிற்கும்
உன் அக்கா