அடுப்புக்கு வைத்த கல்

15.8.2025, வெள்ளி

இன்று காலை மியூசியத்துக் கல் ஒன்றை அடுப்புக்கு வைத்து உடைத்துவிட்டோம்.

அரியலூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் வரலாற்று மியூசியம். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றம், பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி, குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் கேசரியும் சுண்டலும். முந்நூறு பேருக்குச் சமையல் ஆர்டர் என்னுடையது. எட்டு மணிக்கு கேஸ் அடுப்பு ஒன்று மக்கர் செய்தது. என் சமையல் மாஸ்டர் அய்யம்பெருமாள் மாமா யாரையும் கேட்கவில்லை. பின்பக்கம் வேப்பமரத்தடியில் இருந்த மூன்று கல்லைத் தூக்கிவந்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி, விறகு மூட்டிவிட்டார். புது இடத்தில் அடுப்பைக் கும்பிடாமல் அவர் கரண்டியைத் தொட மாட்டார்.

கொடி ஏறும் நேரம் கல் வெடித்தது. பட்டாசு என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிளந்த கல்லுக்குள் நத்தை போல ஒரு சுருள். அதே சுருளைக் காலையில் உள்ளே கண்ணாடிப் பெட்டியில் பார்த்திருந்தேன். இந்த ஊர் கடலாக இருந்தபோது வாழ்ந்த உயிராம். பல கோடி வருஷம்.

மற்ற இரண்டையும் கழுவி மரத்தடியிலேயே வைக்கச் சொன்னேன். உடைந்ததைச் சாக்கில் சுற்றி வேனில் ஏற்றினேன். ஏன் ஏற்றினேன்? அங்கேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

16.8

கல் பெரம்பலூர் குடோனில், பெரிய தவலைக்குள் இருக்கிறது. போன் அடித்தால் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

17.8

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "ஓடையில தூக்கிப் போட்டுட்டு வா. லாரி லாரியா சுண்ணாம்புக்கல்லு சிமெண்டுக்குப் போவுது, உன் ஒத்தக் கல்லுக்குத்தான் கேஸ் போடப் போறானா?"

லாரிக்காரனிடம் பர்மிட் இருக்கும். என்னிடம் என்ன இருக்கிறது? களையெடுக்கப் போனவளின் மகள் நான். இரண்டு வாடகை அண்டாவில் ஆரம்பித்துப் பதினாறு வருஷம். கல்யாண வீட்டில் சாமான் அறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவார்கள். திருடி என்று ஒரு பேச்சு வந்தால் போதும் — அப்புறம் எந்த வீட்டுச் சாவி?

18.8, திங்கள்

மியூசியப் பொறுப்பாளர் சத்யா மேடம் போன் செய்தார்.

"ஜெயலட்சுமி, சுத்தம் பண்ண வச்சிருந்த கல்லுல ஒன்னக் காணும். உங்க ஆளுங்க யாராச்சும் பாத்தாங்களா?"

"நாங்க அந்தப் பக்கமே போவலைங்க மேடம்."

"இன்னொரு கல்லுல குங்குமம் ஒட்டியிருக்கே."

"யாராச்சும் சாமி கும்பிட்டிருப்பாங்க."

எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில்.

19.8

வேப்பந்தட்டையில் நிச்சயதார்த்தச் சாப்பாடு. மண்டப வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. கரண்டியைப் போட்டுவிட்டு அண்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். சாம்பாரில் உப்பு இல்லை என்று பெண் வீட்டார் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

20.8

இப்படி ஆகும் என்று நினைக்கவே இல்லை.

மியூசியத்தில் கூட்டிப் பெருக்கும் பாப்பாயி அக்கா போனில் அழுகிறார். "வெள்ளிக்கெழமன்னா அந்த மரத்துக்குப் பொட்டு வப்பேன், ஜெயா. எல்லாருக்கும் தெரியும். குங்குமம் இருக்குன்னு, நீதான் கல்ல எடுத்துக்கிட்டுப் போயி வச்சுக் கும்புடுறன்னு என்னையப் புடிச்சுக்கிட்டாங்க. வேலைக்கு வராதன்னுட்டாங்க. அன்னிக்கு நீ அங்கதான இருந்த, ஒரு வார்த்த சொல்லேன்."

சொன்னேனே. சாமி கும்பிட்டிருப்பாங்கன்னு சொன்னேனே. நாந்தான அந்த அக்கா தலையில கல்லத் தூக்கிப் போட்டது. எனக்குச் சாவி போயிடும்னு பயம். அவங்களுக்கு வேலையே போயிடுச்சு.

நாளை கல்லோடு மியூசியத்துக்குப் போகிறேன். பயம் குறைந்துவிடவில்லை. பயத்தோடுதான் போகிறேன்.

21.8, வியாழன்

வேனில் மாமா, "தூக்குனது நானு, நானே சொல்லிடுறேன்" என்றார். "வாய மூடிட்டு வா மாமா. ஆர்டர் என் பேருல" என்றேன்.

சாக்கைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். மேடம் இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. ஒரு சில்லு மட்டும் இல்லை, சாம்பலோடு போயிருக்கும்.

"ஒடச்சது தெரியாம. பொய் சொன்னது தெரிஞ்சுதான, ஜெயலட்சுமி?"

"ஆமாங்க. பயந்துட்டேன்."

உள்ளே போய் டிரஸ்ட்டில் பேசிவிட்டு வந்தார். அரை மணி நேரம். மாமா முருகன் பேரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பேசி முடித்தது இதுதான். போலீசில் புகார் இல்லை. பாப்பாயி அக்காவுக்கு நாளையிலிருந்து வேலை. வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. இது நான் கேட்டது. உடைந்த கல், உடைந்த காரணத்தை எழுதிய அட்டையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அட்டையில் என் சமையல் கடைப் பெயர் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை, பெயரும் இருக்கும். ஐந்து வருஷத்துக்கு ஜனவரி இருபத்தாறும் ஆகஸ்ட் பதினைந்தும் முந்நூறு பேருக்குக் கேசரி, சுண்டல், என் செலவில். அடுப்புக்குச் செங்கல் நாங்களே கொண்டுபோக வேண்டும்.