தம்பிக்கு ஒரு பாதக்கல்

கிடர்பூர், கல்கத்தா, 1908.

அப்பாவின் பாதங்களுக்கு மகன் அப்பாண்டை வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவின் மூச்சிரைப்பு எப்படியிருக்கிறது?

என் தந்தி கிடைத்திருக்கும். தம்பி தரணேந்திரன் காய்ச்சலில் அதிகம் சிரமப்படாமல்தான் போனான். நான் கேட்பதற்குள் சுடுகாட்டு ஆட்கள் சாம்பலை ஆற்றில் தள்ளிவிட்டார்கள். என் கையில் ஒரு பிடிகூட இல்லை, அப்பா.

நம் ஊர்க் குன்றில் அவன் பாதங்களைச் செதுக்கி ஒரு கல் வையுங்கள். அது நோன்பிருந்து உயிர்விட்ட முனிவர்களுக்குத்தான் என்பீர்கள். நம் முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதரை எரித்த இடத்தில் முதல் தூபியை எழுப்பிய பரதன் முனிவனா? தகப்பன் போன துக்கம் தாங்காத மகன்தானே! எனக்கும் தாங்கவில்லை. மறுக்காதீர்கள்.

மிதியடி வாங்கித் தருகிறேனென்று போன மாதம் அவன் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து வைத்தேன். வாங்கவே இல்லை. கல்தச்சருக்கு அளவாக அதை இத்துடன் அனுப்புகிறேன்.

தபால் பை கட்டும் நேரமாயிற்று. செதுக்கி முடிந்ததும் அந்தக் காகிதத்தை எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.