நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால்

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு, ஆரப்பாளையத்திலிருந்து அம்மா சின்னத்தாய் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி ரோகிணி எழுதுவது. நானும் அப்பாவும் ரோகிணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ அந்த அயர்லாந்துக் குளிரில் இருமாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும், எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம்.

உன்னோடு வேலை பார்க்கும் திருமங்கலத்துப் பெண் லீவு முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறுகிறாளாம், பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றாள், அதனால் இட்லிப்பொடியும் சுக்குத்தூளும் எள்ளுருண்டையும் கட்டி அதோடு இந்தக் காகிதத்தையும் வைக்கிறேன். போனில் பேசினால் பாதி நேரம் கேக்குதா கேக்குதா என்பதிலேயே போய்விடுகிறது. இட்லி மாவு வியாபாரம் நன்றாகப் போகிறது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் தினமும் வாங்குகிறார்கள், போன வாரம் கிரைண்டர் பெல்ட் அறுந்து அப்பா மாற்றிக் கொடுத்தார். நான் பாத்திரம் தூக்குவதில்லை, ஆபரேஷன் ஆன நாளிலிருந்து எல்லாம் ரோகிணிதான். அலங்காநல்லூர் மாமா வீட்டில் மாடு கன்று போட்டிருக்கிறது. நீ ஈரத் தலையோடு வெளியே போகாதே, நைட் டூட்டி முடிந்து சாப்பிடாமல் படுக்காதே. இன்னொன்று, பக்கத்துச் சந்து நாஸியா மூன்று வாரமாக நம் வீட்டுப் போனில் உன்னிடம் இங்கிலீஷ் படிக்க வரவில்லை என்று வருத்தப்பட்டாயே, படிக்க மனசில்லாத பிள்ளைக்காக நீ ஏன் மருகுகிறாய், விட்டுத் தள்ளு.

அக்கா, அம்மா கிரைண்டரில் உளுந்து பொங்கிவிட்டதா என்று பார்க்கப் போயிருக்கிறாள். இனி வருவது நான் சொல்வது. கடைசி வரியை அம்மா சொன்னாள் என்பதால்தான் எழுதினேன், அது பொய். நாஸியா மூன்று ஞாயிற்றுக்கிழமையும் நோட்டோடு சரியாக நாலு மணிக்கு வந்தாள். நான்தான் வாசலிலேயே நிறுத்தி, "அக்காவுக்கு இன்னைக்கு டூட்டியாம், கிளாஸ் இல்லையாம்" என்று சொல்லி அனுப்பினேன். உன்னிடம் அவள் வரவில்லை என்றேன். அம்மாவுக்கும் இது தெரியாது.

ஏன் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை நம்முடைய கிழமை அக்கா. நீ நர்சிங் படித்தபோது அந்த ஒரு நாள்தான் ஹாஸ்டலிலிருந்து வருவாய், எனக்குத் தலை பின்னிவிடுவாய். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனதும் நான் ஒன்பதாவதோடு நின்று கிரைண்டருக்கு வந்தேன், அதை நான் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் நம் வீட்டில், நம் போனில், நீ அவளை "வெரி குட் டா, கண்ணு" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு டீ போட என்னால் முடியவில்லை. கண்ணு என்று என்னைத்தான் கூப்பிடுவாய். எனக்கு கேமராவைப் பார்த்தால் வாயே வராது என்பது உனக்குத் தெரியும், அதனால் என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அவளோடு ஒரு மணி நேரம் பேசினாய். சரி, அவளை நிறுத்தினால் அந்த ஒரு மணி நேரம் எனக்குத்தானே என்று நினைத்தேன். அவள் வரவில்லை என்று சொன்னதும் நீ பெருமூச்சு விட்டு, "சரி, போனை அம்மாட்ட குடு" என்றாய். மூன்று வாரமும் அதையேதான் சொன்னாய்.

நேற்று நாஸியா வந்து நோட்டை மட்டும் கொடுத்தாள். "அக்கா பிஸின்னா பரவாயில்ல ரோகிணி, திருத்தி மட்டும் தரச் சொல்றியா, இருபதாந்தேதி இங்கிலீஷ் பரீட்சை, பேசுற பரீட்சைதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். முகம் வாடியிருந்தது. கடைசி வகுப்பில் நீ அவளுக்குக் 'குரோ ஆன்' என்று ஒன்று சொல்லிக்கொடுத்தாயே, முதலில் பிடிக்காத ஒன்று போகப் போக நமக்குப் பிடித்துப்போவது, அந்த ஊர் மழை உனக்கு அப்படித்தான் ஆனது என்று சொன்னாயே, அதை வைத்துப் பத்து வாக்கியம் எழுதியிருந்தாள். அந்தப் பாடம் எனக்கும் தெரியும் அக்கா. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று, மாவுக் கவரில் ஒட்டுகிற தேதிச் சீட்டின் பின்புறம் எழுதி வைத்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு வாக்கியமாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாகற்காய், அவள் அண்ணியின் சமையல் என்று போய், எட்டாவது வாக்கியத்தில் என் பெயர் இருந்தது. ரோகிணி முதலில் என்னோடு பேசவே மாட்டாள், டீயை வைத்துவிட்டு ஓடிவிடுவாள், ஆனால் போகப் போக எனக்கு அவளைப் பிடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு மாவுக் கவர் கட்ட உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

எனக்கு அவளை இன்னும் அப்படிப் பிடித்துவிடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், இப்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது, அவள் கையெழுத்துகூட அழகாக இருக்கிறது. ஆனால் பரீட்சைக்கு முன்னால் இன்னும் இரண்டு ஞாயிறுதான் இருக்கிறது. நாளைக்கே அவள் வீட்டுக்குப் போய் நான் சொன்னது பொய் என்று சொல்லப் போகிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே அழைத்து வருகிறேன். நீயும் என்னைத் திட்டு, ஆனால் அம்மாவிடம் வேண்டாம்.

அம்மா வந்துவிட்டாள். "நான் சொன்னது பத்து வரி, நீ என்னடி இம்புட்டு எழுதி வச்சிருக்க" என்றாள். "என் எழுத்து பெருசும்மா" என்றேன். மறுபடி அம்மா சொல்கிறாள்.

மகளே, எள்ளுருண்டையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நீ சும்மா இருக்காதே, தினம் ஒன்றாவது சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. மீனாட்சி உனக்குத் துணையிருப்பாள், நோய்நொடி அண்டாமல் நல்லபடியாக இரு. பார்சல் வந்ததும் போன் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா சின்னத்தாய்

அக்கா, இந்த ஞாயிறு மட்டும் மூன்று ஐம்பதுக்குக் கூப்பிடு. நாஸியா வருவதற்கு முன்னால் அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேண்டும். கேமராவை அணைத்து வை. கிரைண்டர் சத்தத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். முதலில் அது எனக்குத் தலைவலியாக இருந்தது, இப்போது கரண்ட் போய் அது நின்றுவிட்டால் வீடே வெறிச்சென்று இருக்கிறது. நான் சரியாகச் சொன்னால் நீ என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

ரோகிணி